பந்துக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 28, சனி. 136/86

டாக்டர் தினமும் ரத்த அழுத்தத்தைக் குறித்துவரச் சொன்னார். அதற்காக ஒரு நோட்டு வாங்கினேன். எண்ணை எழுதிய பிறகு நிறைய இடம் மிச்சமாகிறது. வெறுமனே விடுவது எனக்கு ஒத்துவராது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். காலி இடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே மிச்ச இடத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

இன்று நடந்தது: எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு வீடுகளில் எட்டு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். யார் செயலாளர் என்ற கேள்வி வந்ததும் ஏழு பேர் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன். போட்டியின்றித் தேர்வு.

செப்டம்பர் 30, திங்கள். 138/86

பேஸ்மென்ட்டைப் பார்வையிட்டேன். பதினோரு கார், ஒன்பது ஸ்கூட்டர், யாரும் உரிமை கொண்டாடாத ஒரு டிரெட்மில். சரிவுப் பாதை முடிகிற இடத்தில் வாட்ச்மேன் ஏழுமலையின் அறை. அவனும் அவன் மனைவி தனமும் ஆறு வருடமாக அங்கே இருக்கிறார்கள். தனம் அறை வாசலில் மேசை போட்டு எங்கள் எல்லோருடைய துணிகளையும் இஸ்திரி போடுகிறாள். என் சட்டைக் காலரை அவள் மடிக்கிற மாதிரி வேறு யாரும் மடிப்பதில்லை.

மூலையில் இரும்பு மூடி போட்ட ஒரு குழி. மழைத்தண்ணீரும் தரைக்கடியில் ஊறுகிற தண்ணீரும் அதில் வந்து சேரும். குழிக்குள்ளேயே மோட்டார் மூழ்கிக் கிடந்து தண்ணீரை வெளியே தள்ளும். பள்ளப் பகுதியான மடிப்பாக்கத்தில் பேஸ்மென்ட் கட்டினால் இது இல்லாமல் முடியாது.

இதைப் பார்த்துக்கொள்ள ஞானப்பிரகாசம் என்ற மெக்கானிக் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். இன்று வந்தார். ஏழுமலையிடம் வாளி கேட்டார். குழாயில் தண்ணீர் பிடித்துக் குழிக்குள் ஊற்றினார். இப்படி நாலு வாளி. பிறகு கையைக் கட்டிக்கொண்டு குழியையே பார்த்தபடி நின்றார். மோட்டார் ஓடியது, நின்றது. "நல்லாருக்கு சார்" என்றார்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"இதான் சார் வேலை."

"எழுத்துமூலமா ஏதாவது குடுங்க."

"எழுதறதுக்கு இன்னா சார் இருக்கு? அதான் ஓடுதே."

வாளித் தண்ணீர் ஊற்ற ஒரு மெக்கானிக் எதற்கு? இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. மழைக்காலம் வருது, பார்த்துக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் 2, புதன். 136/84

கீழ்த்தள மோட்டாருக்குப் பதிவேடு திறந்தேன். இருநூறு பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் என் கையால் எண் போட்டேன். முதல் பக்கத்தில் முறைப்படி, "இப்பதிவேட்டில் 200 (இருநூறு) பக்கங்கள் மட்டுமே உள்ளன எனச் சான்றளிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அரசாங்க அலுவலகத்தில் பதிவேடு திறக்கும்போது செய்கிற முதல் வேலை இது. பிற்பாடு எவனும் ஒரு தாளைக் கிழிக்க முடியாது.

கட்டங்கள்: தேதி, நேரம், ஓடியதா, சத்தம், குறிப்பு, கையொப்பம்.

என் மனைவி சௌந்தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு ஜாதகம் எழுதறீங்களா?" என்று கேட்டாள். கையொப்பக் கட்டத்துக்குக் கோடு போட்டு முடித்தேன்.

அக்டோபர் 5, சனி. 134/84

முதல் சோதனை. சனிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு முடிகிறது. பத்து நாற்பதுக்கு இறங்கினேன்.

சுவரில் பேனல் பெட்டி. அதில் ஒரு திருகு: ஒரு பக்கம் திருப்பினால் ஆட்டோ, மறுபக்கம் திருப்பினால் மேனுவல். மேனுவலுக்குத் திருப்பிப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது. குழியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருந்ததால் அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டோவில் வைத்தேன். ஓடியதா: ஆம். சத்தம்: நன்று.

ஏழுமலை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "அந்த மெக்கானிக்கு ஆட்டோலயே வெச்சிட்டு தண்ணி ஊத்துவாரு சார்" என்றான்.

"மேனுவல்ல ஓடற மோட்டார் ஆட்டோவுல ஓடாதா?"

அவன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான். ஒப்புக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி. 136/86

ஆயுத பூஜை. கீழ்த்தள மோட்டாருக்கு இதுவரை யாரும் பூஜை போட்டதில்லை என்று தெரிந்து வருத்தப்பட்டேன். லிஃப்டுக்குப் போடுகிறார்கள், ஜெனரேட்டருக்குப் போடுகிறார்கள். பாவம், இது குழிக்குள் கிடப்பதால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

காலை ஒன்பது மணிக்கு நான், சௌந்தரம், ஏழுமலை மூவரும் இறங்கினோம். குழியின் மூடியைத் திறந்தோம். மோட்டார் தண்ணீருக்கடியில் இருந்ததால் அதற்குப் பொட்டு வைக்க வழியில்லை. ஆனால் ஒரு வயரின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்து குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் பாசி. பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதை வெளியே இழுத்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, மறுபடி அந்தச் சாக்கடையில் விட மனமில்லாமல், பேனலுக்குப் பக்கத்தில் பைப்போடு சேர்த்து உயரமாகக் கட்டினேன். சௌந்தரம் நைலான் கயிற்றை அறுத்துக் கொடுத்தாள். மேலே சாமந்திச் சரம் சுற்றினேன். மிக லட்சணமாக இருந்தது.

"சார், அது உள்ள தொங்கறதுன்னு நெனைக்கிறேன்" என்றான் ஏழுமலை.

"பூஜை போட்டதைச் சாக்கடையிலயா தொங்கவிடுவாங்க?" என்றேன்.

எல்லாவற்றையும் பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். பக்கம் 3.

அக்டோபர் 12, சனி. 138/88

பொரி, கடலை, சுண்டல். சோதனை முடிந்தது, நன்று. வீட்டுப் பிள்ளைகள் பந்தைப் பார்க்க வந்து பேனல் பொத்தான்களிலும் கை வைக்கிறார்கள். பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் கொத்தில் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி. 138/86

சோதனை: நன்று. குழியில் முன்பு பார்த்ததைவிட அதிகத் தண்ணீர் இருந்தது. மோட்டார் அதை மூன்று நிமிடத்தில் காலி செய்தது. முன்பெல்லாம் வெறும் குழியில் ஓட்டுவேன். இப்போதுதான் அதற்குச் சரியான வேலை கிடைக்கிறது. மகிழ்ச்சி.

இரண்டாம் மாடி நித்யானந்த் ஆபீஸுக்குக் கிளம்பும்போது காரைத் திறக்குமுன் பந்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். புதுக் கார். சீட்டின் பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி. 140/88

நன்று. குழி முக்கால் நிறைந்திருந்தது. ஐப்பசி மழை.

கேஸ் சிலிண்டர் வந்தது. கறிவேப்பிலைச் செடியில் பூச்சி.

அக்டோபர் 31, வியாழன். 148/92

தீபாவளி. அழுத்தத்துக்குக் காரணம் அதிரசம்.

நவம்பர் 2, சனி. 142/88

இன்று குழி விளிம்புவரை நிறைந்து மூடியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எட்டு நிமிடம் ஓட்டினேன். ஏழுமலை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், பூவெல்லாம் காஞ்சு போச்சு. அந்தப் பந்தைக் கயட்டி உள்ள விட்டுடட்டுமா?" என்றான்.

பூவை மட்டும் எடுக்கச் சொன்னேன். பொட்டு வைத்ததை அப்படியே விடுவதுதான் மரியாதை. அடுத்த ஆயுத பூஜைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

"ஆட்டோல ஓடுற சத்தமே இப்பல்லாம் கேக்கறதில்ல சார். முன்ன ராவுல படுத்துனுருந்தா ரெண்டு மூணு தபா கேக்கும்."

"நல்லாப் பராமரிச்சா சத்தம் குறையத்தான் செய்யும்" என்றேன்.

நவம்பர் 9, சனி. 140/90

நன்று. அடுத்த வாரம் கனமழை என்கிறார்கள். முன்னெச்சரிக்கையாக ஓர் அறிவிப்பு எழுதிப் பேனலில் ஒட்டினேன்: "செயலாளரின் அனுமதியின்றி யாரும் தொடக் கூடாது."

நவம்பர் 13, புதன். 162/98

அழுத்தத்துக்குக் காரணம் விருந்துச் சாப்பாடு. காஞ்சிபுரத்தில் சௌந்தரத்தின் அக்கா பேத்திக்கு வளைகாப்பு.

காலையிலிருந்து அங்கேயும் மழை. பதினொன்று இருபதுக்கு ஏழுமலை போன் செய்தான்.

"சார், தண்ணி மேல வந்துக்கினே இருக்குது. மோட்டார் ஓடல."

"ஆட்டோவுல இருக்கா?"

"ஆட்டோல பச்சை லைட்டு எரியுது சார்."

"அப்ப அதுவே ஓடும். பேனலைத் தொடாதே."

மறுபடி பன்னிரண்டே காலுக்கு அழைத்திருக்கிறான். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்கு நானே அழைத்துப் பூட்டை உடைக்கச் சொன்னேன். வயர் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டதென்று அதற்குள் மெயினை அணைத்துவிட்டானாம். அது சரியான காரியம்தான்.

நாலரைக்கு வந்து சேர்ந்தோம். பேஸ்மென்ட்டில் இடுப்பளவுத் தண்ணீர். மற்ற காரெல்லாம் ஏழுமலை வீடு வீடாகக் கதவைத் தட்டி மேலே ஏற்ற வைத்திருந்தான். நித்யானந்த் பெங்களூர் போயிருந்தார், சாவியோடு. அவருடைய புதுக் காரின் கூரையும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன.

தனம் நனைந்த புடவையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எங்கள் துணி மூட்டைகளை மேலே தூக்கிவிட்டு, அப்புறம் தன் பொருட்களை எடுக்கப் போயிருக்கிறாள். அதற்குள் அறைக்கதவு திறக்க முடியாதபடி தண்ணீர் அழுத்திவிட்டது. கட்டில், அரிசி, மிக்ஸி, மகன் கல்யாண ஆல்பம், எல்லாம் உள்ளே. என் ஆறு சட்டைகளும் பத்திரமாக இருந்தன. ஆறும் தேய்த்து மடித்தவை.

நவம்பர் 14, வியாழன். 164/100

டீசல் பம்ப் கொண்டுவந்து தண்ணீரை இறைக்கிறார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தம். ஏழுமலையும் தனமும் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தங்கியிருக்கிறார்கள்.

நித்யானந்த் திரும்பி வந்தார். சரிவுப் பாதையில் நின்று காரைப் பார்த்தார். பிறகு, "அங்கிள், வாட்ச்மேன் தூங்கியிருப்பான். வேற எப்படி இவ்வளவு தண்ணி ஏறும்? உங்களுக்கு ஒரு போனாவது பண்ணானா?" என்று கேட்டார்.

ஏழுமலை பத்தடி தள்ளி தரையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். துடைப்பம் நின்றது.

"வந்திருக்கலாம். மேளச் சத்தம்" என்றேன்.

வளைகாப்புக்கு மேளம் வைக்கவில்லை. அதை இங்கே எழுதிவைப்பதில் தவறில்லை. இந்த நோட்டை டாக்டரைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை.

நவம்பர் 15, வெள்ளி. 170/102

ஞானப்பிரகாசத்தை வரவழைத்தார்கள். நான் அழைக்கவில்லை, நித்யானந்த் அழைத்தார். நாலைந்து வீட்டுக்காரர்களும் நானும் கூட இறங்கினோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெளிவாகத் தெரிந்தது. அதற்கு ஒரு சாண் மேலே பந்து, கட்டியபடியே. பொட்டுக்கூடக் கலையவில்லை.

ஞானப்பிரகாசம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதான் சார் ஆட்டோ" என்றார் நித்யானந்திடம். "இந்த ஃப்ளோட் குழிக்குள்ள தொங்கணும். தண்ணி ஏறினா இது மெதந்து மேல வரும். வந்தா மோட்டார் ஓடும். எறங்கினா நிக்கும். இதை இங்க கட்டிட்டா மோட்டாருக்குத் தண்ணி இருக்கறதே தெரியாது. மோட்டார் மேல தப்பே இல்ல, அது ஓடியிருந்தா இந்த மழையெல்லாம் தாங்கியிருக்கும்."

"யார் கட்டினது?" என்றார் நித்யானந்த்.

எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். ஏழுமலை என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆயுத பூசைக்குக் கட்டினதுங்க" என்றான்.

"அறிவிருக்காடா உனக்கு?" என்று ஒருவர் கேட்டார். நான் மேலே வந்துவிட்டேன். தலைசுற்றல். காரணம் ஊறுகாயாக இருக்கலாம்.

நாலு வாளித் தண்ணீர் எதற்கு என்று இன்றுதான் புரிந்தது.

மாலை நித்யானந்த் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பி, ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம். கடிதத்தைச் செயலாளர் எழுத வேண்டும். "அந்த ரிஜிஸ்டரையும் கொண்டு வாங்க அங்கிள். நீங்க வாராவாரம் செக் பண்ணினதுக்கு அதுதான் ப்ரூஃப். நீங்க ஒருத்தர்தான் இந்தப் பில்டிங்ல கரெக்டா வேலை பார்க்கறீங்க."

அவர் போன பிறகு சௌந்தரம் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நவம்பர் 16, சனி. 176/104

சோதனை நாள். மோட்டார் இல்லை, கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். சோதிக்க ஏதுமில்லை.

கடிதத்தை எழுதினேன். நல்ல நடையில் வந்திருக்கிறது. "தங்களது கவனக்குறைவால் நேர்ந்த பெரும் இழப்பை முன்னிட்டு." "தங்களது" என்ற இடத்தில் இரண்டு முறை பேனா நின்றது. ரீஃபில் மாற்றினேன்.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பக்கம் 3. அக்டோபர் 11, காலை மணி 9.10. குறிப்பு: "குழிக்குள் தொங்கிய ஆரஞ்சு நிறப் பந்து என்னால் வெளியே எடுக்கப்பட்டு, சுத்தம் செய்யப்பட்டு, பொட்டிட்டு, குழாயுடன் உயரே கட்டப்பட்டது." கீழே: அ. சபாநாயகம், செயலாளர். எழுத்து மிகத் தெளிவாக இருந்தது.

"என்னால்" என்பதை எழுதாமலே இருந்திருக்கலாம். வாக்கியம் அது இல்லாமலும் நிற்கும்.

தாளைக் கிழிப்பது பற்றி யோசித்தேன். முதல் பக்கத்தில் இருநூறு பக்கங்கள் என்று சான்றளித்திருக்கிறேன். எண்ணினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வரும். தாளைக் கிழிக்காமல் "என்னால்" என்பதற்கு மேலே ஒரு அடித்தல் போட்டு, "ஏழுமலையால்" என்று எழுதலாம். ஆனால் அடித்தல் திருத்தத்துக்குப் பக்கத்தில் எழுதியவர் சிறு கையொப்பம் இட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. தவிர, ஐந்து வாரம் பழைய மசிக்குப் பக்கத்தில் புது மசி எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் அப்படி மூன்று பத்திரங்களைப் பிடித்திருக்கிறேன். மூன்று பேரும் என் மேசைக்கு முன்னால் நின்று வியர்த்தார்கள். நான் மின்விசிறியைக் கூட்டி வைத்தேன். அவ்வளவுதான் நான் காட்டிய இரக்கம்.

சௌந்தரம் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"காலையிலேர்ந்து அந்த நோட்டை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க."

"ஒரு பக்கத்தைச் சரிபார்க்கறேன்."

"கயித்தை அறுத்துக் குடுத்தது நான்தாங்க" என்றாள். "அந்தத் தனம் என் புடவையைத் தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்கா. அவ வீட்டு அரிசியை விட்டுட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊறுகாய் காரணமில்லை.

நவம்பர் 17, ஞாயிறு. காலை 178/106

பதினொரு மணிக்குக் கூட்டம். பத்துக்கு மொட்டைமாடிக்குப் போனேன். தொட்டிக்கடியில் ஒரு தார்ப்பாய். தனம் செங்கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழுமலை ஈரமான ஆல்பத்தின் படங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சுவரோரம் காயவைத்துக்கொண்டிருந்தான். பெரும்பாலானவற்றில் முகங்கள் இல்லை.

"ஏன் அன்னைக்கு என் பேரைச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா யார் சார் நம்புவாங்க?" என்றான். பிறகு, "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான்.

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பால் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

கூட்டத்துக்கு என்னைத் தவிரப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். தீர்மானத்தை வாசிக்கச் சொன்னார்கள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பக்கம் 3-ஐ வாசித்தேன். தேதி, நேரம், குறிப்பு, கையொப்பம் உட்பட. முப்பத்தோரு வருடம் மற்றவர்களுடைய பத்திரங்களை வாசித்துக் காட்டி, "இது நீங்கள் போட்ட கையெழுத்துதானா? சம்மதத்தோடு போட்டதா?" என்று கேட்டிருக்கிறேன். யாரும் கேட்காததால் நானே, "இது என் கையெழுத்துதான்" என்றேன்.

பிறகு மற்றதையும் சொன்னேன். மெக்கானிக்கை நிறுத்தியது நான். பேனலைப் பூட்டியது நான். பந்தை உள்ளே விடலாமா என்று ஏழுமலை கேட்டதற்கு வேண்டாம் என்றது நான். பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது, தொடாதே என்றேன். வளைகாப்பில் மேளமே இல்லை.

நித்யானந்த் எழுந்து, "அங்கிள், ஐ டிரஸ்டட் யூ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நியாயம்தான். கீழே ஏழுமலையை "அறிவிருக்காடா" என்று கேட்டவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை வேலையில் தொடர்வது என்று முடிவானது. அவர்கள் குடியிருக்கத் தரைத்தளத்தில் சங்கத்தின் பழைய ஆபீஸ் அறையைக் கொடுப்பது என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. நான் ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். அடுத்து யார் செயலாளர் என்று சங்கத் தலைவர் கேட்டார். ஒன்பது பேரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள். ஆகவே நான் தொடர்கிறேன்.

மாலை அழுத்தம் பார்த்தேன். 144/90. கருவி பழுதா என்று சௌந்தரத்துக்கும் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள். 142/88

ஆபீஸ் அறையைக் காலி செய்தோம். நானும் ஏழுமலையும் பீரோவைத் தூக்கினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் இரண்டு முறை கீழே வைத்தோம். இரண்டு முறையும் எனக்காகத்தான்.

ஞானப்பிரகாசத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், மோட்டார் ரெடியாயிடுச்சு, வெள்ளிக்கிழம போட்டுடறேன்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதுமா என்று கேட்டேன். "நான் வர்றது மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி போதும். வாளி வாராவாரம் நீங்களே ஊத்தலாம், அதுக்கு நான் எதுக்கு?" என்றார். நானும் இதையேதான் செப்டம்பரில் சொன்னேன். ஆனால் ஊற்றவில்லை.

நவம்பர் 20, புதன். 138/88

நித்யானந்த் லிஃப்டில் என்னைப் பார்த்தால் வெளியே வந்து படியில் போகிறார். தனம் இஸ்திரி மேசையை மறுபடி போட்டிருக்கிறார். எல்லா வீட்டுத் துணியும் வாங்குகிறார். எங்கள் வீட்டுத் துணியில் சௌந்தரத்தின் புடவைகளை மட்டும் எடுத்துக்கொண்டு என் சட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். கசங்கிய சட்டையோடு காய்கறி வாங்கப் போனேன்.

நவம்பர் 23, சனி. 134/86

பத்து நாற்பதுக்கு இறங்கினேன். பேனலில் பூட்டு இல்லை, அறிவிப்பும் இல்லை. திருகை ஆட்டோவிலேயே விட்டேன். பந்து குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, மேலெல்லாம் அழுக்கு. ஒரே நாளில் பொட்டும் கரைந்துபோயிருந்தது. நான் தொடவில்லை.

வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். இரண்டாவது வாளியில் பந்து அசைந்தது. மூன்றாவதில் சாய்ந்தது. நாலாவதில் மிதந்து மேலே வந்தது. கீழே மோட்டார் தானாகவே ஓட ஆரம்பித்தது. யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. நானும் ஏழுமலையும் கையைக் கட்டிக்கொண்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். ஞானப்பிரகாசம் ஏன் அப்படி நிற்பார் என்று தெரிந்துகொண்டேன். அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: சாட்சி. ஏழுமலையிடம் பேனாவைக் கொடுத்தேன்.

"இன்னா சார் எழுதணும்?"

"நீங்க பார்த்ததை."

அவர் பேனலில் வைத்து நிதானமாக எழுதினார்: "சார் நாலு வாளி தண்ணி ஊத்தினார். பந்து தானா மேல வந்துச்சு. ஏழுமலை."

"நன்று" என்பதைவிட அது நன்றாக இருந்தது.

தனம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கையில் தேய்ப்பதற்கான துணி மூட்டை. பத்து நாளாக என்னோடு பேசாதவர், குழியைப் பார்த்தபடியே பேசினார்.

"இந்த நாலு வாளியை அன்னிக்கே ஊத்தியிருந்தா எம்புள்ள கல்யாணப் படம் இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மறுக்க ஏதும் இல்லாததால், அவர் சொன்னதைச் சொன்னபடியே குறிப்புக் கட்டத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.